நகல்: அணித் தலைவர்

அத்தியாயம் பதினொன்று

போன செவ்வாய்க்கிழமை இசைவாணியின் தலையில் இடி விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடி முதல் தடவையாகப் புரட்டுகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "யார் இந்த மல்லாட்டை?" என்று எனக்குக் கடிதம் போடக் கூடாது, ஆமாம்.

இசைவாணிக்கு நாற்பத்தெட்டு வயது. கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபது வருடமாக மனு எழுதுகிறாள். கணவர் தேவநாதனுக்கு முதுநகர் ஐஸ் பேக்டரியில் வேலை. மகள் இளமதி பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். மகன் அன்பரசு சிதம்பரத்தில் லேப்டாப் ரிப்பேர் கடையில் இருக்கிறான். அவன் அம்மாவோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.

எல்லாம் ஒரு கால்குலேட்டரால் வந்த வினை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடப் பரீட்சையில் அவன் கையிலிருந்த கால்குலேட்டரின் மூடிக்குள் பென்சிலால் எழுதிய பார்முலாக்கள் இருந்தன. பிடித்துவிட்டார்கள். "அது என்னுது இல்லம்மா. அவசரத்துக்கு வாங்கினு போனது. மூடிய நான் பாக்கவே இல்ல" என்று அழுதான். யாருடையது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "ஊருக்கெல்லாம் மனு எழுதுறியே, எனக்கு ஒண்ணு எழுதிக் குடும்மா" என்றான். அதற்கு இசைவாணி சொன்ன பதில்: "சும்மாவா புடிப்பாங்க?"

அவ்வளவுதான். படிப்பை விட்டான், பையை எடுத்தான், சிதம்பரம் போய்விட்டான். அப்பா மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். தங்கை போகலாம். அம்மா மட்டும் வரக் கூடாது, வந்தால் அந்த ஊரையும் விட்டுப் போய்விடுவேன் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினான். சிதம்பரம் என்ன சீமையிலா இருக்கிறது? ஒரு மணி நேர பஸ். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை.

கம்ப்யூட்டரில் 'நீலக்கரை' என்று ஒரு விளையாட்டு. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரே கடலில் படகு விடுவார்கள். ஆறு படகு சேர்ந்தால் ஓர் அணி. மூடுபனிக்குள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே சரக்கைக் கரை சேர்க்க வேண்டும். அதில் அன்பரசு ஓர் அணித் தலைவன், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துவிடுவான் என்று துப்புக் கொடுத்தது இளமதி. பழைய லேப்டாப்பில் அம்மாவுக்கு ஒரு கணக்கையும் அவளே திறந்து கொடுத்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது இசைவாணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். அதுவே பெயராகிவிட்டது.

ஒரு வருடம். மைக் ரிப்பேர் என்று புளுகிவிட்டு, ஒற்றை விரலால் டைப் அடித்துக்கொண்டு, மகனின் படகுக்குப் பின்னாலேயே தன் படகை ஓட்டினாள். "மல்லாட்ட மச்சான், எடது பக்கம் வா, வலது பக்கம் பாற இருக்கு" என்று அவன் குரல் காதில் கேட்கும். பெற்ற பிள்ளை மச்சான் என்று கூப்பிட்டான். அதுவும் அவளுக்கு இனித்தது.

சர்க்கரை அவள் கண்ணில் கை வைத்திருந்தது. லேசர் வைத்தும் மங்கல் போகவில்லை. விளையாட்டில் வருகிற பனியில் மகன் படகின் சிவப்புக் கொடி தெரியாமல் தவித்தவளுக்கு, கலரைத் தூக்கிக் காட்டுகிற ஒரு சின்ன சாப்ட்வேரை இளமதி எங்கிருந்தோ இறக்கிப் போட்டுக் கொடுத்தாள். அது விளையாட்டுக் கம்பெனிக்காரன் செய்தது அல்ல, வெளி ஆள் செய்தது. அதனால் கொடி பளிச்சென்று தெரிந்தது. போன செவ்வாய் கம்பெனி புதுக் காவல் போட்டது. வெளி ஆள் செய்த கிராபிக்ஸ் சாமான் எதையும் ஒட்டவைத்துக்கொண்டு இனி யாரும் ஆடக் கூடாது. அப்படி அறிவிப்பு வந்தபோது தாயும் மகளும் படிக்காமலே ஓகே தட்டினார்கள். படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள் என்று ஊராரைத் திட்டுகிற இசைவாணிதான் இந்தக் காரியம் செய்தாள்! பத்தாவது நிமிடம் கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணம், ஏமாற்று வேலை.

அரை மணி நேரத்தில் அணியின் செய்திப் பலகையில் தலைவன் எழுதினான்: "மல்லாட்டையத் தூக்கிட்டாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சும்மாவா புடிப்பாங்க?"

போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

*

திங்கட்கிழமை காலை இளமதி இட்லித் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுட்டு எழுந்திரு."

"பசிக்கலம்மா."

"ஒரு வாரமா இதையேதான் சொல்ற."

"நான்தானம்மா அதப் போட்டுக் குடுத்தேன். எல்லாத்துக்கும் நான்தான் காரணம்."

"ஆமாண்டி, சுனாமி வந்ததுக்கும் நீதான் காரணம். சட்னிய ஊத்திக்கினு சாப்புடு."

இளமதி சிரிக்கவில்லை. "இன்னிக்குக் கடைசி நாளும்மா. ஏழு நாளைக்குள்ள அப்பீல் பண்ணணும். ஒரே ஒரு தடவதான் பண்ணலாம். தள்ளிட்டாங்கன்னா அவ்ளோதான். வேற பேர்ல கணக்கு தொறந்தாலும் இந்த லேப்டாப்ப உள்ள வுடாது."

"எழுதிக்கலாம்."

"எங்க எழுதுற? பேப்பர எடுக்கிற, வைக்கிற. எடுக்கிற, வைக்கிற."

உண்மைதான். ஊரார் மனுவைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடுகிற கைக்குத் தன் மனு ஓடவில்லை. 'நான் ஏமாற்றவில்லை' என்று எழுத ஆரம்பிப்பாள். உடனே 'நான் பாக்கவே இல்லம்மா' என்று மகன் அழுதது காதில் விழும். பேனாவை மூடிவிடுவாள்.

கணக்குப் போனால் மயிரே போச்சு என்று இருந்துவிடுவாள் இசைவாணி. அவளுக்கு வேண்டியது அந்தக் குரல். சாயங்காலம் ஏழடித்தால் அவள் கை மவுஸைத் தேடியது. லேப்டாப்பைத் திறந்தால் செய்திப் பலகையைப் படிக்க மட்டும் முடிந்தது, எதையும் கேட்க முடியவில்லை. 'எல்லாரும் வந்தாச்சா?' என்று அவன் எழுதுவான். நாலு பேர் 'வந்தாச்சு' என்பார்கள். வாசலில் நின்று உள்ளே விருந்து நடப்பதைப் பார்க்கிற மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு நாள் இப்படியே ஓடிவிட்டது. பிள்ளை ஏங்குவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு தாய் பிள்ளையின் குரலுக்கு ஏங்கினால் அது வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

"மதியத்துக்குள்ள எழுதி அனுப்பிடறேன். போதுமா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

*

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தலைகள்தான் தெரிந்தன. வேப்பமரத்தடியில் இசைவாணியின் மடக்கு மேசை. பக்கத்தில் கொளஞ்சியப்பனின் மேசை. அவன் லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்து டைப் அடித்து, மெயில் அனுப்பித் தருவான். இருவரும் பத்து வருடமாக அடுத்தடுத்த மேசை. ஒருவர் கொண்டு வருகிற குழம்பு மற்றவருக்குப் பாதி.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்த அம்மாவின் பெயர் பட்டம்மாள். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தவள் மருமகள், மருமகளின் அம்மா என்று எங்கெங்கோ போய்விட்டாள்.

"இரும்மா, இரும்மா. மூணே கேள்வி. அதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் இசைவாணி. "என்னா நடந்துச்சு? யாரு சாட்சி? ஏன் லேட்டு?"

இந்த மூன்று கேள்விதான் அவள் தொழில். எந்த மனுவும் இந்த மூன்றுக்குள் அடங்கும் என்பாள்.

"என்னா நடந்துச்சுன்னா, சித்திரையிலேர்ந்து தண்ணி வரல."

"சாட்சி?"

"தெருவே சாட்சி."

"சித்திரையில நின்ன தண்ணிக்கு ஆவணியில வர்ற. ஏன் லேட்டு?"

பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டேன் தாயி."

"அத அப்படியே எழுதுறேன். லேட்டுக்குக் காரணம் எழுதாத மனுவ எடுத்த ஒடனே தூக்கிப் போட்ருவாங்க."

பட்டம்மாள் மனுவோடு உள்ளே போனாள். ஒரு மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தான். "அக்கா, உன் மனு என்னா ஆச்சு? இன்னிக்கு லாஸ்ட்டு டேட்டுன்ன?"

"கை வரல கொளஞ்சி."

"எனக்கு ஒண்ணு தோணுது, கோச்சிக்காத. கம்பெனிக்காரன் ரூலு தப்பில்லக்கா. என் பையன் சொல்றான், இந்த மாதிரி சாமான வச்சி பனிய மொத்தமா தொடச்சிட்டு எவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னு பாத்துடறானுங்களாம். அப்பறம் ஒழுங்கா ஆடறவன் என்னாத்துக்கு ஆடுவான்? உனக்குக் கண்ணு மங்கல்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"யாராச்சும் சொன்னாத்தான தெரியும்?"

இசைவாணி அவனைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் மகன் கேட்டதும் இதைத்தானே? நீ சொன்னாத்தானம்மா அவுங்களுக்குத் தெரியும் என்றுதானே கேட்டான்?  கை இளகிவிட்டது. வெள்ளைத்தாளை எடுத்தாள். பட்டம்மாளிடம் கேட்ட மூன்று கேள்வியையும் தன்னிடமே கேட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

'பெறுநர்: நியாய ஆட்டப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா, நான் மேற்படி விளையாட்டில் மல்லாட்டை என்ற பெயரில் ஓராண்டாகப் படகு செலுத்தி வந்தேன். மூடுபனியை நீக்கி மற்றவர்களை முந்தியதாக என் மீது நடவடிக்கை எடுத்துள்ளீர்கள். வெளி ஆள் செய்த சாப்ட்வேர் என் கணினியில் இருந்தது உண்மை. தங்கள் அறிவிப்பைப் படிக்காமல் சம்மதம் தெரிவித்தது என் தவறு. ஆனால் நான் யாரையும் முந்தியதில்லை. தங்கள் பதிவுகளைப் பார்த்தால் நான் என்றைக்கும் அணித் தலைவரின் படகுக்குப் பத்தடி பின்னால் இருப்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அணித் தலைவர் என் மகன். இது அவருக்குத் தெரியாது. என்னோடு அவருக்குப் பேச்சு இல்லை. அவர் குரலைக் கேட்பதற்காகவே விளையாடினேன். என் கண் மங்கல் என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இணைத்துள்ளேன். அந்த சாப்ட்வேரை நீக்கிவிட்டேன். இனி கொடி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குரலைப் பிடித்துக்கொண்டு வருவேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

கீழே முழுப் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு, கடலூர். கையெழுத்து. அதற்கும் கீழே இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடியது. 'நகல்: அணித் தலைவர்.' சம்பந்தப்பட்டவருக்கு நகல் போகாத மனு மனுவே இல்லை என்பது அவள் கட்சி. விலாசம் இல்லாத நகலை ஏற்க மாட்டார்கள் என்பதால், அணியில் சேரும்போது தலைவன் கொடுத்து, போனில் குறித்து வைத்திருந்த மெயில் விலாசத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தாளைக் கொளஞ்சியப்பனிடம் நீட்டினாள். "இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பிடு. நான் எழுதுனதையும் போட்டோ புடிச்சி சேத்து வை."

அவன் படித்தான். வழக்கமாக ஏதாவது நக்கல் அடிக்கிறவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாருக்குக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவள் அடுத்த ஆளுக்குப் பட்டா மாறுதல் எழுத உட்கார்ந்தாள். பாதி எழுதியிருப்பாள். "அக்கா, ரெண்டு பேருக்கும் போயிடுச்சு" என்றான் கொளஞ்சியப்பன்.

"யாரு ரெண்டு பேரு?"

"கம்பெனிக்கு ஒண்ணு. நகலு போட்ருந்தியே, அணித் தலைவரு, அவருக்கு ஒண்ணு."

இசைவாணியின் கையிலிருந்த பேனா பட்டா மாறுதல் மேலேயே விழுந்தது.

"அடப்பாவி! அத ஏண்டா அனுப்பின?"

"நீதானக்கா எழுதிருந்த! நகலு போட்டா அனுப்பணும். பத்து வருசமா அதத்தான பண்றேன்?"

"திரும்ப வாங்கு."

"திரும்ப வாங்குறதுக்கு அது என்னா மணியார்டரா?"

 வந்தால் ஊரை விட்டே போய்விடுவேன் என்று சொன்னவன் அவன். அவள் ஒரு வருடமாகத் தினமும் வந்துகொண்டிருந்தாள் என்பது தெரிந்தால்? இந்தத் தடவை எந்த ஊருக்குப் போவான்? அங்கே எந்த விளையாட்டு இருக்கும்?

இளமதிக்குப் போன் போட்டாள். "அவன் மெயிலு எப்பப் பாப்பான்?"

"சாப்ட்டுட்டு வந்து பாப்பான்மா. மூணு மணி போல. ஏன்? என்னா ஆச்சு?"

மணி ஒன்றே முக்கால். இசைவாணி மேசையை மடக்கினாள். இருபது வருடத்தில் எந்தத் திங்கட்கிழமையும் மூடாத கடை.

"எங்கக்கா போற?"

"சிதம்பரத்துக்கு. அந்தக் கடுதாசி சொல்றதுக்கு முன்னாடி நான் என் வாயால சொல்லிடணும்."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வந்து வந்து போயின. ஒன்றும் அவள் மனதில் பதியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை, கல்யாணத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இதே பஸ்ஸில் போயிருந்தாள். மேலவீதியில் அவன் கடைக்கு எதிரே, பூக்கடை ஓரமாக அரை மணி நேரம் நின்றாள். கடைக்குள் நீலச் சட்டை ஒன்று குனிந்து வேலை செய்துகொண்டிருந்தது. சட்டையின் நிறம்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டினால் தெரியும். தாண்டாமல் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். விளையாட்டில் அந்தச் சிவப்புக் கொடியாவது பளிச்சென்று தெரிந்ததே, அந்தப் பாழாய்ப்போன சாப்ட்வேர் வாழ்க என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

முட்லூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

"அண்ணே, மூணு மணிக்குள்ள போயிடுமா?"

"போயிடும் போயிடும்" என்று அவர் வடையைப் பிட்டார். அந்த வடை தீருவதற்குள் இசைவாணிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி மூன்று ஐந்து. ஆட்டோவைக்கூடக் கூப்பிடத் தோன்றாமல் மேலவீதி வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பூக்கடை ஓரம் வந்தபோது கால் நின்றது. பிறகு ரோட்டைத் தாண்டினாள்.

கடையில் அவன் மட்டும்தான் இருந்தான். கிட்டத்தில் முகம் தெரிந்தது. இளைத்திருந்தான். மீசை வைத்திருந்தான், யாரும் அவளிடம் சொல்லவில்லை. மேசைமேல் பிரித்துப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவே இரண்டு தாள்கள், அப்போதுதான் பிரிண்ட் எடுத்தவை. அவள் எழுத்தில், அவள் கையெழுத்தோடு, அவள் கதவு எண்ணோடு.

ஐந்து நிமிடம் பிந்திவிட்டாள்.

"ஒக்காரு" என்றான் அவன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமாவா?"

"ம்."

"மைக்கு ரிப்பேருன்னது?"

"பொய்யி."

"ஒன்னப் போயி மச்சான் மச்சான்னு..." என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "தெனம் முடிச்சிட்டு போறப்ப 'சாப்டியா'ன்னு டைப் பண்ணுவ. எந்த ஊரு மச்சான்டா சாப்டியான்னு கேக்கறான்னு அப்பவே ஒரு சந்தேகம். அப்பறம், எங்கம்மாவுக்கு மவுச எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாதேன்னு வுட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஊர வுட்டுப் போயிடாதடா. நான் இப்பவே கெளம்பிடறேன். அத நேர்ல சொல்லத்தான் வந்தேன். நான் இனிமே வரல, விளையாட்டுலயும் வரல."

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், வைத்தான்.

"பலகையில ஒண்ணு எழுதினேன்ல," என்றான். "அது ஒன் வார்த்தைதான். மூணு வருசமா உள்ளயே கெடந்துது. யாரோ மல்லாட்டைன்னு ஒருத்தன் மேல போயி வுழுந்துடுச்சு."

"சரியான ஆளு மேலதான் வுழுந்துச்சு."

"கம்பெனிக்கு இப்பதான் நானும் மெயிலு போட்டேன். இவுங்க எப்பவும் என் பின்னாடிதான் வந்தாங்க, ஒரு தடவகூட முந்தினது இல்லன்னு. ஒனக்கு சாட்சி வேணும்ல." தோளைக் குலுக்கினான். "வுடுவாங்களோ வுட மாட்டாங்களோ. அவுங்க ரூலு அவுங்களுக்கு."

இவ்வளவு நேரம் அடக்கிய அழுகை அப்போது அவளுக்குப் பொங்கியது. கேட்காமலே அவன் சாட்சி சொல்லியிருக்கிறான். அவன் கேட்டும் அவள் சொல்லவில்லை.

அன்பரசு தாளைத் திருப்பிப் பார்த்தான். "நல்லா எழுதிருக்க. எழுத எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கா மணி."

"கா மணி" என்று திருப்பிச் சொன்னான்.  "எனக்கு அந்தக் கா மணி இல்லையே ஒன்கிட்ட."

 மன்னிச்சுக்கடா என்று சொல்லலாம். அது வாயிலேயே நின்றது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். பையைத் திறந்தாள். வெள்ளைத்தாள் எடுத்தாள். லேப்டாப் ஒன்றை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள்.

"என்னா நடந்துச்சு? சொல்லு."

"என்னா பண்ற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. பரீட்ச என்னிக்கு? எத்தினி மணிக்கு?"

"மூணு வருசம் ஆச்சும்மா! இப்ப போட்டு என்னா ஆவப்போவுது?"

அம்மா என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்டது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. காட்டிக்கொள்ளாமல் பேனாவைத் திறந்தாள்.

"ஆவுதோ ஆவலியோ, எழுதணும். சொல்லு."

அவன் சொன்னான். முதலில் முணுமுணுப்பாக, பிறகு நிற்காமல். காலையில் தன் கால்குலேட்டர் உயிர் விட்டது, அவசரத்தில் வேறொன்றை வாங்கிக்கொண்டு ஓடியது, மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டியது, சூப்பர்வைசர் அதை உருவிப் பார்த்தது. மூன்று வருடமாகக் கேட்க ஆள் இல்லாமல் கிடந்த கதை. இசைவாணி எழுதிக்கொண்டே போனாள்.

ஒரு பக்கம் முடிந்ததும், "அடுத்தது, ஏன் லேட்டு?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"அதுக்கு நீ சொல்ல வேணாம்" என்று அவளே எழுதினாள். எழுதிய தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

'தாமதத்துக்குக் காரணம்: மனுதாரரின் தாய் அவரை நம்பவில்லை.'

அவன் அதைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அப்புறம் சின்ன வயதில் காய்ச்சலில் செய்கிற மாதிரி, நெற்றியை அவள் தோளில் முட்டுக்கொடுத்துவிட்டான். எதிரே பூக்கடைக்காரி கூவிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த ஒரு ஆள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று கை காட்டிப் போய்விட்டார். இசைவாணி அசையவில்லை. அசைந்தால் அவன் எழுந்துவிடுவானோ என்று பயம்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சாப்டியா?" என்றான்.

"இல்ல."

"எனக்குத் தெரியும். வா, பக்கத்துல சாப்புடலாம்."

"இரு. ஒரு வரி பாக்கி. முடிச்சிட்டு வரேன்." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'சாட்சி' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். "அந்தக் கால்குலேட்டரு யாருது?"

அவன் முகம் மாறியது. "அத வுடும்மா."

"வுட முடியாது. அது அவுங்களுதுன்னு அவுங்க வாயால சொன்னாத்தான் மனு நிக்கும். எந்தப் பிரெண்டு? பேரச் சொல்லு, நானே போயிப் பாத்துப் பேசறேன்."

"வேணாம்னா வேணாம். அந்த ஒரு வரிய மட்டும் காலியா வுடு."

"ஒரு படிப்பையே தொலச்சிருக்க. இன்னும் யாருக்குடா பயந்துக்கினு..."

மேசைமேல் அவள் போன் அடித்தது. திரையில் எழுத்து பெரிதாக வைத்திருந்ததால் இருவருக்கும் தெரிந்தது. இளமதி.

இசைவாணி எடுக்கக் கை நீட்டினாள். அன்பரசு அவளுக்கு முந்தி, போனைக் கவிழ்த்து வைத்தான்.

"எடுக்காதம்மா" என்றான். "நீ எதுவும் கேக்காத அவகிட்ட. பாவம் அவ. சின்னப் பொண்ணு அப்ப."

மூன்று வருடத்துக்கு முன்னால் இளமதி பாலிடெக்னிக் முதல் வருடம். புதுக் கால்குலேட்டர் வேண்டும் என்று அடம் பிடித்ததும், தேவநாதன் பாண்டிச்சேரி வரை போய் வாங்கி வந்ததும் இசைவாணிக்கு நினைவு வந்தன. வாங்கிய இரண்டாவது மாதமே தொலைந்துபோய்விட்டது என்று மகள் சொன்னதும் நினைவு வந்தது. இன்று காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னதையும் நினைத்தாள். எல்லாத்துக்கும் நான்தான் காரணம்.

போன் ஓய்ந்தது. ஓய்ந்த வேகத்தில் மறுபடி அடித்தது. இசைவாணி பேனாவை 'சாட்சி' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே எழுத வேண்டிய பெயர், இருபது வருடத்துக்கு முன்னால் கடலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளே தேடித் தேடி வைத்த பெயர்.